வாசனை டீக்களை ஒப்பிட்டு ருசி பார்ப்பது எப்படி? முதலில் டப்பாவின் வாசனையை மறந்துவிடுங்கள்

வாசனை சேர்த்த டீ வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். டப்பாவைத் திறப்பது, மூக்கை உள்ளே விடுவது, "ஆகா" என்பது, உடனே வாங்கிவிடுவது. பிறகு போட்டுக் குடித்துப் பார்த்தால் வெந்நீரில் நாலு பூவை அலசி எடுத்த மாதிரி இருக்கும். போட்டவர் மேல் தப்பில்லை. காய்ந்த இலையில் எழும் வாசனை ஒன்று, கோப்பையில் இறங்கும் ருசி வேறொன்று. வெனிலா, கேரமல், ஸ்ட்ராபெர்ரி மாதிரி வாசனைகளில் இந்த இடைவெளி இன்னும் மோசம். அவற்றை முகர்ந்ததுமே இனிப்பை எதிர்பார்த்துப் பழகிவிட்டோம், ஆனால் கோப்பையில் சர்க்கரை கிடையாது, நாக்கு தேடிப் பார்த்துவிட்டு ஏமாந்து திரும்பி வருகிறது.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வரும்: மேலே தெளித்த வாசனையையும் அடியில் இருக்கும் டீயையும் தனித்தனியாகப் பிரித்து ருசிக்கப் பழகுவது. அது கைவந்துவிட்டால் நல்ல டீ எது, வாசனையால் மூடிவைத்த மட்டமான தூள் எது என்று ஒரே வாயில் தெரிந்துவிடும்.

எதை எதோடு வைப்பது

புதினா டீயையும் ஏர்ல் கிரேயையும் (ஆரஞ்சு வகைப் பழத்தோல் மணம் ஏற்றிய கறுப்பு டீ) பக்கத்தில் வைத்து எது நல்லது என்று கேட்பதில் அர்த்தமே இல்லை, புதினாவின் மெந்தால் வாயை மரத்துப்போகச் செய்துவிடும், அதற்குப் பிறகு எதைக் குடித்தாலும் புதினாதான். ஒரு சுற்றுக்கு ஒரே குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏர்ல் கிரே என்றால் வெவ்வேறு இடத்தில் வாங்கிய மூன்று ஏர்ல் கிரே. மல்லிகை டீ என்றால் மல்லிகை டீ மட்டும். மூன்று அல்லது நான்கு கோப்பைக்கு மேல் போகாதீர்கள், துவர்ப்பு வாயில் சேர்ந்துகொண்டே போகும், கடைசிக் கோப்பைக்கு நியாயம் கிடைக்காது.

அந்த வரிசையில் கட்டாயம் ஒரு கோப்பை எதுவுமே சேர்க்காத சாதா டீயாக இருக்கட்டும். வாசனை டீ கறுப்பு டீயில் செய்தது என்றால் சாதா கறுப்பு டீ, பச்சை டீயில் செய்தது என்றால் சாதா பச்சை டீ. பலரும் விட்டுவிடுவது இந்தக் கோப்பையைத்தான். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். அளவுகோல் இல்லாமல் எதை அளப்பது?

இன்னொன்றையும் முதலிலேயே பிரித்துவிடலாம். கறுப்பு, பச்சை, ஊலாங், வெள்ளை எல்லாம் கமேலியா சினென்சிஸ் என்ற ஒரே செடியின் இலைகள். மூலிகை டீ என்று விற்கிற பெரும்பாலானவற்றில் அந்த இலை ஒரு துண்டுகூட இருக்காது, பூ, வேர், பட்டை, பழம், விதை இவைதான், அதனால் பெரும்பாலும் கஃபீனும் இருக்காது. மாத்தே என்ற தென்னமெரிக்க இலை ஒரு விதிவிலக்கு: டீச்செடி இல்லை, ஆனால் கஃபீன் உண்டு.

வாசனை உள்ளே வந்த வழி

ருசி பார்க்கும் முன் பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். வாசனை உள்ளே வருவதற்கு மூன்று வழிகள்தான் பெரும்பாலும். ஒன்று, பூவோடு பூவாக இலையை வைத்து மணம் ஏற்றுவது. சீனாவின் ஃபூஜோ பகுதி மல்லிகை டீக்குப் பேர்போனது. பகலில் பறித்த மொட்டுகள் ராத்திரி விரியும்போது அவற்றைப் பச்சை டீயோடு கலந்து வைத்து, காலையில் பூவைப் பிரித்தெடுத்து, இலையைத் திரும்ப உலர்த்தி, உயர்ந்த ரகமாக இருந்தால் புதுப் பூவோடு இதையே பல தடவை செய்வார்கள். இங்கே வேடிக்கை என்னவென்றால், மணத்தைக் கொடுத்துவிட்ட பூவுக்கு அப்புறம் வேலை இல்லை. ஆகவே பாக்கெட்டில் இதழ்கள் நிறையக் கிடந்தால் அது தரத்துக்கு அடையாளம் இல்லை, பல நல்ல மல்லிகை டீக்களில் இதழே பார்க்க முடியாது.

இரண்டாவது வழி, எண்ணெயோ வாசனைச் சாறோ தெளிப்பது. ஏர்ல் கிரேக்கு மணம் தருவது பெர்கமாட் என்ற ஒரு ஆரஞ்சு வகைப் பழத்தின் தோல் எண்ணெய், இத்தாலியின் தெற்கில் உள்ள கலாப்ரியாவில்தான் அது அதிகம் விளைகிறது. மூன்றாவது, காய்ந்த பழத்துண்டு, மசாலா, பூவிதழ் என்று துண்டுகளாகவே போடுவது. ஏலம், கிராம்பு, இஞ்சி மாதிரி மசாலாத் துண்டுகள் உண்மையிலேயே ருசி தரும். காய்ந்த ஸ்ட்ராபெர்ரித் துண்டு சில நிமிடத்தில் தருகிற ருசி மிகக் குறைவு. நீலக் கார்ன்ஃபிளவர் இதழும் மஞ்சள் சாமந்தி இதழும் அனேகமாகக் கண்ணுக்குத்தான்.

பொருள் பட்டியலைப் பல நாடுகளில் எடை அதிகமானதில் தொடங்கி எழுத வேண்டும் என்று விதி. "காட்டு பெர்ரி டீ" என்று பெரிதாகப் போட்டிருக்கும், பட்டியலில் முதலில் ஆப்பிள் துண்டு, ரோஜாக் காய், புளிப்பான ஹைபிஸ்கஸ் என்று போய், பெர்ரி கடைசியில் ஓர் ஓரமாக நிற்கும். அதைப் பார்த்ததுமே கோப்பை புளிக்கும் என்று தெரிந்துவிடும்.

தண்ணீர், எடை, நேரம்

ஒப்பிடும்போது எல்லாக் கோப்பைக்கும் எல்லாமே ஒரே மாதிரி இருக்க வேண்டும், இதில் கறாராக இருங்கள். டீ ருசி பார்ப்பதற்கென்றே ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. 3103 என்று பெயர், 1980-ல் முதலில் வந்தது. 100 மி.லி. தண்ணீருக்கு 2 கிராம் இலை, கொதிக்கும் தண்ணீர், 6 நிமிடம் ஊறல், வெள்ளைப் பீங்கான் பாத்திரம் என்கிறது அது. குடிக்க இது கடுப்பான டீதான். ஆனால் குடிக்கச் சுகமாக இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கமில்லை. எல்லா டீயும் ஒரே நிலையில் நிற்க வேண்டும், குறை இருந்தால் அது மறைய இடம் இருக்கக்கூடாது, அதற்குத்தான். நாம் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். 200 மி.லி.க்கு 3 கிராம் போதும். கறுப்பு டீக்கு நன்றாகக் கொதித்த தண்ணீர், 4 நிமிடம். பச்சை டீக்கு 75 முதல் 80 டிகிரி, 2 நிமிடத்திலிருந்து 3 நிமிடம், அதற்கு மேல் போனால் கசப்பு ஏறி வாசனையை மூடிவிடும். மூலிகைக்குப் பயமே வேண்டாம், கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடி வைத்து 7 முதல் 10 நிமிடம். மூடுவது முக்கியம், மூலிகையின் வாசனை எண்ணெய்கள் ஆவியோடு பறந்துவிடும்.

கரண்டியால் அளக்காதீர்கள், எடை போடுங்கள். கெமோமில் பூ பஞ்சு மாதிரி இலேசு, ஒரு கரண்டிக்கு ஒரு கிராம்கூடத் தேறாமல் போகலாம், அதே கரண்டியில் பொடியாக நறுக்கிய கறுப்பு டீ பல மடங்கு நிற்கும். 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று இருந்தால் போதும்.

கலவை டீயில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டப்பா ஆடி ஆடி வந்ததில் பொடியும் சின்னத் துண்டுகளும் அடியில் தங்கிவிடும், பெரிய இலையும் இதழும் மேலே நிற்கும். மேலாக அள்ளினால் ஒரு ருசி, அடியில் அள்ளினால் வேறு ருசி. அகலமான தட்டில் கொட்டி, கையால் மெதுவாகப் புரட்டி, அப்புறம் எடை போடுங்கள். இதைச் செய்யாமல் "போன தடவை நன்றாக இருந்தது, இந்தத் தடவை சரியில்லை" என்று டீயைத் திட்டிப் பயனில்லை.

தண்ணீரும் ஒரே தண்ணீராக இருக்கட்டும். உப்பு அதிகமான கடினத் தண்ணீரில் டீ மங்கலாகி மேலே ஏடு மாதிரி ஒரு படலம் கட்டும், பெர்கமாட் மாதிரி மெல்லிய மணமெல்லாம் அதில் அமுங்கிப்போகும். குளோரின் வாடை இருந்தால் வடிகட்டிய தண்ணீர் எடுங்கள். பாத்திரத்தையும் முகர்ந்து பாருங்கள், நேற்றுப் புதினா போட்ட பிளாஸ்டிக் வடிகட்டி இன்றைய மல்லிகையைக் கெடுக்கும். பீங்கானும் கண்ணாடியும்தான் இதற்குச் சரி.

வாயில் வைத்த பிறகு

முதலில் காய்ந்த இலையை முகர்ந்து ஒரு வார்த்தை எழுதிவையுங்கள். ஊறி முடிந்ததும் டிகாஷனை வடித்துவிட்டு, ஈர இலையை மூடியில் கவிழ்த்துப் போட்டு மறுபடி முகருங்கள். வாசனை டீயின் குட்டு உடைகிற இடம் இது. தெளித்த வாசனையில் பாதி வெந்நீரோடு போயிருக்கும், இலையின் சொந்த மணம் இப்போதுதான் வெளியே வரும். நல்ல இலை என்றால் வெந்த கீரை, பழம், தேன், மரம் இப்படி ஏதாவது ஒன்று தெரியும். மட்டமான இலை என்றால் அட்டைப்பெட்டி வாடை. இலையை விரலால் விரித்தும் பாருங்கள், முழு இலையா, துண்டா, குச்சியா என்று.

சூடு கொஞ்சம் ஆறட்டும். 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2016-ல் வகைப்படுத்தியிருக்கிறது, அது தவிர நாக்கு பொசுங்கினால் ருசி எங்கே தெரியும். கரண்டியில் எடுத்து, சத்தம் வரும்படி உறிஞ்சுங்கள். பக்கத்தில் யார் இருந்தாலும் வெட்கப்பட வேண்டாம், டீ ருசி பார்ப்பதையே வேலையாகச் செய்பவர்கள் இன்னும் பலமாக உறிஞ்சுவார்கள். காற்றோடு கலந்து சிதறும்போது மணம் தொண்டை வழியாக மூக்கின் பின்பக்கத்துக்கு ஏறும், நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு அங்கேதான் நடக்கிறது.

இப்போது ஒரு சோதனை. மூக்கை விரலால் இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். வெனிலா, பெர்கமாட், மல்லிகை எல்லாம் மாயமாகிவிடும். மிச்சம் இருப்பதுதான் நாக்குக்குக் கிடைப்பது: கசப்பு, புளிப்பு, கொஞ்சம் இனிப்பு, துவர்ப்பு, வாயில் நிற்கும் திடம். விழுங்கிவிட்டு மூக்கை விடுங்கள், வாசனை சட்டென்று திரும்ப வந்து நிற்கும். மூக்கைப் பிடித்திருந்தபோது கிடைத்ததைச் சாதா டீக் கோப்பையோடு ஒப்பிடுங்கள். அதைவிட வெறுமையாகவோ, தேவையில்லாத கசப்போடோ இருந்தால், மட்டமான இலையை வாசனையால் மூடியிருக்கிறார்கள். எவ்வளவு அழகான டப்பாவில் வந்தாலும் சரி.

கசப்பும் துவர்ப்பும் ஒன்றில்லை, இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கசப்பு நாக்கில் தெரியும் ருசி. துவர்ப்பு என்பது டீயில் உள்ள பாலிஃபீனால்கள் என்ற பொருட்கள் எச்சிலில் இருக்கும் புரதங்களைப் பிடித்துக்கொள்வதால் கன்னத்தின் உட்பக்கமெல்லாம் வறண்டு இழுப்பது. அளவான துவர்ப்பு கறுப்பு டீக்கு உயிர். விழுங்கி அரை நிமிடம் கழித்தும் நாக்கு சுரண்டினால்தான் குறை.

ஏர்ல் கிரே இரண்டைப் பக்கத்தில் வைத்தால் என்ன தெரியும் என்று சொல்கிறேன். ஒன்றில் முதல் வாயிலேயே எலுமிச்சைத் தோல், கொஞ்சம் பூமணம், லேசான மிளகுக் காரம், அதற்கு அடியில் கறுப்பு டீ தெளிவாக நிற்கும், ஆறிய பிறகும் இரண்டும் பிரியாது. மற்றொன்றில் மணம் முதலில் ஓங்கி அடிக்கும், சோப்புத்தனமாக இருக்கும், ஆறினதும் மேலே வாசனைத் திரவியம், கீழே வெறும் கசப்பு என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும். ஆறவைத்துக் குடிப்பதுதான் கடுமையான பரீட்சை, சூட்டில் மறைந்திருந்ததெல்லாம் அப்போது வெளியே வரும். எந்தச் சுற்றிலும் ஒவ்வொரு கோப்பையிலும் கால்வாசியை மிச்சம் வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திரும்பக் குடித்துப் பாருங்கள்.

கோப்பைக்குக் கோப்பை நடுவில் வெதுவெதுப்பான தண்ணீர், வேண்டுமென்றால் உப்பில்லாத ரொட்டித் துண்டு. மூக்கு களைத்துவிட்டால் காபிக்கொட்டையை முகரச் சொல்வார்கள், அது தேவையில்லை. எழுந்து போய் நல்ல காற்றில் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

மூலிகையில் வேறு கணக்கு

மூலிகை டீயில் பெரும்பாலும் அடித்தளம், மேற்பூச்சு என்ற பிரிவு இல்லை. அதனால் ஒரு கலவையை ருசிக்கும் முன் அதில் உள்ள முக்கியமான மூலிகைகளைத் தனித்தனியாக ஒருமுறை போட்டுக் குடித்துவிடுங்கள். கெமோமில் நல்லதாக இருந்தால் ஆப்பிள் வாசனையும் தேன் சாயலும் இருக்கும், பழசாகிவிட்டால் வைக்கோல். எலுமிச்சைப்புல்லின் மணத்துக்குக் காரணம் சிட்ரல் என்ற வாசனைப் பொருள், எலுமிச்சை மணம் முழுக்க உண்டு, ஆனால் புளிப்பு துளியும் இல்லை. காய்ந்த இஞ்சி பச்சை இஞ்சியைவிடக் காரம், உலரும்போது அதில் உள்ள ஜிஞ்சரால் என்ற காரப்பொருள் அதைவிடக் காரமான ஷோகாலாக மாறுவதால் அப்படி. ரூய்போஸ் தென்னாப்பிரிக்காவின் செடர்பெர்க் மலைப்பகுதியில் விளையும் ஒரு புதர், கஃபீன் இல்லை, துவர்ப்பு குறைவு, எவ்வளவு நேரம் ஊறினாலும் கசக்காது. வெனிலாவோடு ஒத்துப்போகிற அடித்தளம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் கறுப்பு டீயைச் சொல்ல மாட்டேன், ரூய்போஸைத்தான் சொல்வேன்; அதன் மரவாசனையும் லேசான இனிப்பும் வெனிலா கொடுத்த வாக்கைப் பாதியாவது காப்பாற்றும்.

கலவைகளில் இரண்டு பேரைக் கண்டுபிடிக்கப் பழகுங்கள். ஒன்று ஹைபிஸ்கஸ், ரோசெல் செடியின் சிவந்த புல்லி இதழ். கோப்பையைச் செக்கச்செவேல் என்று ஆக்கிவிட்டு, மற்ற எல்லா ருசியையும் புளிப்பால் அடித்துவிடும். இரண்டாவது அதிமதுரம். முதல் வாயில் சும்மா இருக்கும், விழுங்கின பிறகு தொண்டையில் மெல்ல ஓர் இனிப்பு ஏறி இறங்க மறுக்கும். "சர்க்கரையே சேர்க்காமல் இவ்வளவு இனிப்பா" என்று வியக்கவைக்கும் கலவைகளில் பாதிக்கு மேல் அதிமதுரத்தின் வேலை என்றுதான் எனக்குத் தோன்றும். சிலருக்கு அது பிடிக்கும், சிலருக்கு அந்தப் பின்னினிப்பு ஆகவே ஆகாது, அதனால் வாங்கும் முன் பட்டியலில் தேடுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிமதுரத்தைத் தினமும் குடிப்பது நல்லதில்லை, அதில் உள்ள கிளிசிரைசின் அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். சாமந்திக் குடும்பப் பூக்கள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கெமோமிலும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

நிறமும் ஆளை ஏமாற்றும். சிவப்பாக இருந்தால் நாக்கு பெர்ரியைத் தேடும். சங்குப்பூ டீ நீலமாக இருக்கும், எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறும், பார்க்க அழகு, ருசி என்று பார்த்தால் பச்சைப் பயறு வேகவைத்த தண்ணீருக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. நிறம் உங்களை இழுக்கிறது என்று தோன்றினால் கண்ணை மூடிக்கொண்டு குடியுங்கள்.

உண்மையிலேயே வித்தியாசம் தெரிகிறதா

விலை கூடின டீ நன்றாக இருப்பதாகத் தோன்றும், அது மனித சுபாவம். அதற்கு மருந்து, எது எது என்று தெரியாமல் குடிப்பது. 1920-களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஒரு பெண் விஞ்ஞானி, கோப்பையில் பாலை முதலில் ஊற்றினார்களா டீயை முதலில் ஊற்றினார்களா என்பதைக் குடித்தே சொல்லிவிடுவேன் என்றார். புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் அதை எட்டுக் கோப்பைச் சோதனையாக எழுதிவைத்தார்: நான்கு இப்படி, நான்கு அப்படி, வரிசையைக் கலைத்துக் கொடுப்பது. குருட்டு அதிர்ஷ்டத்தில் எட்டையும் சரியாகச் சொல்ல 70-ல் ஒரு வாய்ப்புதான்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். மூன்று கோப்பை போதும். இரண்டில் ஒரே டீ, ஒன்றில் வேறு டீ, அடியில் அடையாளம் ஒட்டி, வேறொருவரை இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். வேறானது எது என்று கண்டுபிடியுங்கள். ஒருமுறை சரியாகச் சொன்னால் பெருமைப்பட ஒன்றுமில்லை, சும்மா சொன்னாலே மூன்றில் ஒன்று அமையும். அடுத்தடுத்து மூன்று முறை சரியாகச் சொன்னால் அது 27-ல் ஒன்று, அப்போது நம்பலாம். வித்தியாசமே தெரியவில்லை என்றால் மலிவானதை வாங்குங்கள், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

குறிப்பு எழுதும்போது "சூப்பர்", "சுமார்" என்று எழுதினால் அடுத்த மாதம் படிக்கும்போது ஒன்றும் விளங்காது. காய்ந்த இலை, ஈர இலை, முதல் வாய், மூக்கைப் பிடித்தபோது, ஆறிய பிறகு, ஒவ்வொன்றுக்கும் ரெண்டு வார்த்தை போதும். பாலும் சர்க்கரையும் சேர்த்துத்தான் தினமும் குடிப்பீர்கள் என்றால், வெறும் டிகாஷனாக ருசித்து முடித்த பிறகு அதையும் சேர்த்து ஒரு கோப்பை போடுங்கள். பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் துவர்ப்பை வாங்கிக்கொள்ளும், அதனால் வெறுமையாக இருக்கும்போது முரட்டுத்தனமாகத் தெரிந்த கறுப்பு டீ பாலில் ஜெயிப்பதும், மென்மையானது காணாமல் போவதும் சகஜம். ஹைபிஸ்கஸ் உள்ள எதிலும் பால் சேர்க்காதீர்கள், திரிந்துவிடும்.

வாங்குவதற்குச் சின்ன பாக்கெட்டே நல்லது. தெளித்த வாசனை இலையைவிட சீக்கிரம் பறக்கும், திறந்து சில மாதத்தில் ஏர்ல் கிரே வெறும் கறுப்பு டீயாகிவிடும். வெளிச்சம் படாத, காற்றுப் புகாத டப்பாவில், ஒவ்வொன்றையும் தனித்தனியாக, மசாலா அலமாரியை விட்டுத் தள்ளி வையுங்கள், டீ இலை அக்கம்பக்கத்து வாசனையெல்லாம் இழுத்துக்கொள்ளும். திறந்த தேதியை டப்பா மேல் எழுதிவிட்டு, ரெண்டு மாதம் கழித்து அதே அளவில் மறுபடி போட்டுப் பாருங்கள். அடுத்த முறை கால் கிலோ வாங்கலாமா, ஐம்பது கிராம் போதுமா என்பதை அந்தக் கோப்பையை வைத்து முடிவு செய்யலாம்.